பிரேக் ஹோஸுக்கு நான் கூட்டிச் சொன்ன ஓர் அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை கிளம்பப்போகிற கௌதமிக்கு,

நீ கன்னடத்திலும் இங்கிலீஷிலும் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதால் கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்கு இத்தனை பக்கம், வாயால் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். உன் கல்யாணம் முடிந்த கையோடு, இந்த வீட்டில் யாரிடம் என்ன பேச முடிகிறது? அப்பாவோடு பிறந்த உன் அத்தை கூடத்தில் படுத்திருக்கிறாள், காது மட்டும் சமையலறையில் இருக்கிறது. அருண் இதைப் படித்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவன் இப்போது நம் வீட்டுப் பிள்ளை. அத்தையிடம் மட்டும் காட்டிவிடாதே, அப்புறம் நம் ஜீவனஹள்ளி ஏரியா முழுக்கப் படித்த மாதிரி ஆகிவிடும்.

விஷயம் என்னவென்று உனக்குத் தெரியும். அருணுக்குக் கோத்தகிரியில் பள்ளிக்கூட வேலை, நீயும் அங்கே போகிறாய். அப்பாவின் பழைய ஸ்கூல் வேனை நீயே பிரித்து, நீயே சேர்த்து, அதில்தான் மலையேறுவேன் என்று நிற்கிறாய். அந்த வேன் மலைக்குப் போகாது என்று அவர் நிற்கிறார். நந்தி மலைக்கு ஓட்டிக் காட்டுகிறேன், அப்புறம் சொல்லுங்கள் என்று எங்களை ஏற்றிக்கொண்டு போனாய். போய் வந்ததிலிருந்து அவர் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனில் பஸ் டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். நந்தி மலை அடிவாரத்தில் நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

உனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அப்பா வருகிறார், நீ முன் சீட்டில். ரயில்வே பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறார், பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தால் அதே கதை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் வண்டியைக் கொண்டுபோய்ச் செருகினார். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. எல்லோரும் கை தட்டினீர்கள். நீ வீட்டுக்கு ஓடி வந்து, “அம்மா, அப்பா மணல் மேல வண்டி ஓட்டினாரு, நாளைக்கும் ஓட்டச் சொல்லு” என்றாய். நான் உன்னோடு பாலத்துப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் வேனுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு முழுதும் அந்தப் பிய்ந்துபோன ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். முன் சக்கரத்து பிரேக்குக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர்க் குழாய், ஒரு முழம்கூட இல்லை. “மேல பாத்தா ஒண்ணுமே தெர்ல, நல்லாத்தான் கீது. உள்ளதான் ஊறிப்போய்க் கீது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் காலையில் புதிய ஹோஸ் போட்டுக்கொண்டு வழக்கம்போல் பிள்ளைகளை ஏற்றப் போனார். பயந்தவர் மாதிரியே தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த இறக்கத்தில் அவர் வண்டி ஓட்டி நீ பார்த்திருக்க மாட்டாய். சுற்றிக்கொண்டுதான் வருவார். டீசல் வீணாகிறதே என்று நான்கூடத் திட்டியிருக்கிறேன்.

பிறகு சர்க்கரை வந்தது. ஒரு நாள் காலை வேன் சாவியைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் வைத்தார். “கால்ல பெடல் தெர்லமா. மிதிக்கிறனா இல்லையான்னே தெர்ல. பசங்கள வெச்சிக்கினு இனிமே முடியாது” என்றார். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. வேறு வருமானமும் இல்லை. எனக்கு அவர் மேல் எத்தனையோ கோபம் உண்டு, உனக்கே தெரியும். ஆனால் அந்தக் காலையில் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டோமே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன், போதும்.

ஆக, அன்றிலிருந்து சந்தில் மூடிக் கிடந்த வேனின் தார்ப்பாயை நீ எடுத்துப் போட்டு அதைத் தொட்டபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனித்தாயா? சந்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். வாரம் முழுக்க ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறில் கிரீஸ் கையோடு திரிந்தாய். இன்ஜினைப் பிரித்தாய், பேசாமல் இருந்தார். துருவைச் சுரண்டினாய், பேசாமல் இருந்தார். முன் சக்கரத்தின் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, வேறொரு காரின் டிஸ்க் பிரேக்கைப் போடப்போகிறேன், ஆர்டிஓவில் கேட்டாகிவிட்டது என்று நீ சொன்ன அன்றுதான் வாயைத் திறந்தார்.

“வேன் ஒரு கம்பெனி, டிஸ்க் ஒரு கம்பெனி. நடுவுல எந்த ஹோஸப் போடுவ?”

“ரெண்டு முனைக்கும் சேர்ற மாதிரி செய்யச் சொல்லிப் போடுவேம்பா.”

“செய்யச் சொல்லியா? இஞ்சின் நின்னா தள்ளிக்கினு போலாம் பாப்பா. மலையில ஹோஸு போனா இன்னா பண்ணுவ?”

“அதுக்குத்தான் நானே பாத்து எடுக்கறேன்.”

“ஒண்ணும் வோணாம். அந்த வண்டி மலைக்குப் போவாது, அவ்ளோதான்” என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேனின் இரும்புப் பைப் ஒரு மாதிரி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இன்னொரு மாதிரி, இரண்டுக்கும் பொருந்துகிற முனைகளோடு ஒரு ஹோஸ் வேண்டும் என்று நீ எனக்கு விளக்கினாய். இதைக் கல்யாணத்தோடு ஒப்பிட்டு மணிக்கணக்காகப் பேச உன் அத்தையால் முடியும். நான் பேசப்போவதில்லை. ஹோஸ் என்றால் ஹோஸ்தான்.

ஆனால் அளவு எடுக்கப்போகிறேன் என்று நீ சொன்னதும் என் கை சும்மா இருக்குமா? கார்மென்ட்ஸில் ஒரு காலம், வீட்டு மெஷினில் ஒரு காலம் என்று அளவெடுத்தே பழகிய கை. இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீ வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டாய். அப்புறம் இறக்கினாய். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கடைசிவரை ஒடித்தாய், அந்தப் பக்கம் கடைசிவரை ஒடித்தாய். “ஹோஸு இழுபடவும் கூடாது, எதையும் உரசவும் கூடாதும்மா” என்றாய். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது கையைத் தொங்கவிட்டும் பார்க்க வேண்டும், தூக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் மட்டும் எடுத்தால் அக்குள் பிடித்துக்கொள்ளும். நீ நூலைப் பிடித்து வளைவாக ஓட்டிக் காட்ட, நான் நூலை டேப்பில் வைத்து அளவு சொன்னேன், நீ போனில் குறித்துக்கொண்டாய். நான் சொன்ன அளவில் ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தது. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டும் என்றில்லை, வாயில் அப்படித்தான் வந்தது.

ஜே.சி. ரோடு கடைக்கு நாம் இரண்டு பேரும் போனது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நகைக்கடைக்கும் புடவைக்கடைக்கும் அம்மாவோடு போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஹோஸ் கடைக்கு. கடைக்காரர் ஒரு ஃபிட்டிங்கை எடுத்து வைத்தார். நீ வீட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த பைப் துண்டின் நட்டு மரையில் அதைக் கையாலேயே திருகிப் பார்த்தாய். இரண்டு சுற்று உள்ளே போனது.

“பாருங்க மேடம், ஃபிட் ஆவுதில்ல? சேம் சைஸ். ஸ்பேனர் போட்டு டைட் பண்ணா அவ்ளோதான், முடிஞ்சுது.”

“ஆடுது பாய். இது இன்ச் மரை. என் பைப்பு மில்லிமீட்டர் மரை. ஸ்பேனர் போட்டா மரை போய்டும்.”

“அரே, எல்லாரும் இதான் போட்டுக்கினு போறாங்கம்மா.”

“போனவங்கள்லாம் திரும்பி வந்தாங்களா பாய்?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன், கோபித்துக்கொள்வாரோ என்று. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம்தான் உள்ளே போய் நல்ல பெட்டியை எடுத்துவந்தார். எனக்கு அந்த இரண்டு சுற்று விவகாரம் உடனே புரிந்துவிட்டது. ஒரு அளவு ஜிப்பில் இன்னொரு அளவு ரன்னரை மாட்டினால் கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் ஓடும். இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போன பிறகுதான் பல் இளிக்கும். பெட்டியோடு வந்தவர் இந்த முறை அவரே கேட்டார்: “பைப்பு மூஞ்சி எப்படிம்மா கீது? புனல் மாதிரியா, மொட்டு மாதிரியா?” நீ பைப் துண்டின் முனையைக் காட்டினாய். மொட்டு. “அப்போ இதுதான் உக்காரும். மாத்திப் போட்டா எவ்ளோ முறுக்குனாலும் கசியும்” என்று சரியானதை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் அவருக்கு உன்னைப் பிடித்துப்போயிருந்தது. காலிப்பர் பக்கத்துக்கு, நடுவில் ஓட்டை வைத்த போல்ட்டைக் கோத்துப் பூட்டுகிற வளையம் போன்ற ஃபிட்டிங், அதற்குப் பெயர் பேஞ்சோ என்று நீ சொன்னாய். கையாலேயே மாட்டிக்கொள்கிற முனைகள் சீக்கிரம் கிடைக்கும் என்று அவர் சொன்னதற்கு நீ சம்மதிக்கவில்லை. மெஷினில் அழுத்திப் பிடித்து, பிரஷர் ஏற்றிச் சோதித்துக் கொடுத்தால்தான் ஆச்சு என்றாய். நின்று, பார்த்து, இரண்டு முன் சக்கரத்துக்கும் வாங்கினாய்.

வீட்டுக்கு வந்தால், நாற்காலி மறுபடி சந்துக்கு வந்திருந்தது. ஹோஸை அவர் கையில் வாங்கவில்லை. தூரத்திலிருந்தே, “மரையில வெள்ளை டேப்பு சுத்திடு பாப்பா, சொட்டாது” என்றார். நம் வீட்டில் பைப் என்றால் தண்ணீர்க் குழாய்தானே, அந்த நினைப்பு. நீ பொறுமையாகப் பதில் சொன்னாய்: “மரை புடிச்சிக்கறதுக்குத்தாம்பா. ஆயில நிறுத்தறது உள்ள போய் உக்கார்ற மூஞ்சி. டேப்பு பிஞ்சு ஆயில்ல போச்சுன்னா அதுவே போய் அடைச்சிக்கும்.” அவர் ஹூம் என்றார். ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன்.

அப்புறம்தான் என் மானம் போனது. ஹோஸைப் பூட்டி முடித்து, டயரின் உள்பக்கம் முழுக்க நீ சாக்பீஸைத் தேய்த்தாய். வண்டியில் ஆள் ஏற்றி, நம் சந்தில் திருப்பினாய். நம் சந்தில் வேனைத் திருப்ப வேண்டும் என்றால் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து முன்னும் பின்னுமாகத் தவிக்க வேண்டும், அது உனக்கு நல்ல சோதனை. இறங்கிப் பார்த்தால் ஹோஸின் வயிற்றில் வெள்ளையாகக் கோடு. டயர் உரசியிருக்கிறது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

“அம்மா. நீ சொன்ன அளவுதானே?”

“ஆமா.”

“நூலு அளவா?”

“ஒரு இன்ச்சு சேத்து சொன்னேன்.”

“ஏன்?”

“பத்தலன்னா இன்னாடி பண்றது?”

“இது இன்னா யூனிஃபாரமா? வளருமா?”

சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாய். நான் பதிலுக்குக் கத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா சிரித்துவிட்டார். பல நாளுக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தபோது நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு நான் எதையுமே அளவுக்குத் தைத்ததில்லை, கௌதமி. ஒன்றாம் வகுப்புப் பாவாடையில் இரண்டு வருஷத்து மடிப்பு வைத்துத் தைப்பேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவேன், பழைய மடிப்பின் கோடு அப்படியே தெரியும், மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்று நீ அழுதிருக்கிறாய். பணம் பத்தாதது மட்டும் காரணமில்லை. நீ வளர்ந்துகொண்டே இருக்கிறாய், நான் எப்போதும் ஓர் அங்குலம் முன்னால் இருக்க வேண்டும் என்று ஒரு படபடப்பு. உன் கல்யாண ரவிக்கைதான் நான் உனக்கு முதல்முறையாக உடம்புக்குச் சரியாகத் தைத்தது. அதைத் தைத்து முடித்தபோது எனக்கு அழுகையாக வந்தது. கண்ணில் தூசு என்று உன் அத்தையிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

ஹோஸை வெட்டிச் சின்னதாக்க முடியாது, முனை மெஷினில் பிடித்தது, புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்றாய். இரண்டாம் முறை ஜே.சி. ரோடுக்கு என்னைக் கூப்பிடமாட்டாய் என்று நினைத்தேன். “வாம்மா, டேப்ப எடுத்துக்கினு வா” என்றாய். அதற்காக உனக்கு எத்தனை பிரியாணி செய்துபோட்டாலும் தகும். ஆனால் அளவைக் குறைப்பதோடு நீ நிறுத்தவில்லை. வெறுமனே குறைத்தால் சக்கரம் தொங்கும்போது இழுக்கும் என்று, நேராக இருந்த பேஞ்சோவுக்குப் பதிலாகக் கழுத்து சற்று வளைந்ததைத் தேர்ந்தெடுத்தாய். ஹோஸ் டயர் பக்கமே தலை வைக்காமல் ஒதுங்கிப் போய்விட்டது. அந்த வளைவு உனக்கு எப்படித் தோன்றியது என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன், கோத்தகிரி போய் போன் பண்ணும்போது சொல்லு.

இரண்டாம் முறை பூட்டும்போது நானும் ஒன்று கண்டுபிடித்தேன் என்பதை மறந்துவிடாதே. ஹோஸின் மேலே நீளவாக்கில் ஒரு கோடு அச்சடித்திருந்தது. நீ ஸ்பேனர் போட்டு முறுக்கி முடித்த பிறகு பார்த்தால், அந்தக் கோடு சுற்றிக்கொண்டு போயிருந்தது. “ஏண்டி, சைடு தையல் முன்னால வந்துடுச்சு பாரு” என்றேன். பேன்ட்டில் கால் திருகிக்கொண்டால் அப்படித்தான் தையல் முன்னால் வரும், அந்தத் துணி அப்புறம் ஒரு நாளும் ஒழுங்காக நிற்காது. நீ கோட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், உடனே கழற்றினாய். ஒரு ஸ்பேனரால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் முறுக்கினாய். கோடு நேராக நின்றது. கழற்றியபோது விழுந்த செம்பு வாஷர்களை நான் துடைத்து, பளபளவென்று பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், மறுபடி பூட்ட எடுத்துக் கொடுத்தேன். “ஒரு தடவ நசுங்கினது அவ்ளோதாம்மா, புதுசுதான் போடணும்” என்று தூக்கி எறிந்துவிட்டாய். அதை மட்டும் என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நல்ல வாஷர்.

அறிவுரை சொல்லாமல் அம்மா கடிதம் எழுதுவாளா என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். கொஞ்சம் சொல்கிறேன். அருண் நல்லவன். நீ வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றானே, தெரியாததைத் தெரியாது என்று கேட்டானே, அது எனக்குப் பிடித்தது. ஆனால் உனக்கு ஒரு குணம் இருக்கிறது, உன் அப்பாவின் குணம். பயம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். அவர் அந்த இறக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாரே தவிர, ஏன் என்று சொன்னதில்லை, நான் டீசலுக்காகத் திட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் வீணாகத் திட்டியிருக்கிறேன் பார். உனக்கு ஏதாவது பயமாக இருந்தால் அருணிடம் வாயைத் திறந்து சொல். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, சத்தமாகப் போடு, பக்கத்து வீட்டில் கேட்டால் கேட்கட்டும். மலையில் குளிர், ஸ்வெட்டர் போட்டுக்கொள். அவனுக்கு நீ சமைத்துத்தான் போட வேண்டும் என்று இல்லை, ஆனால் இரண்டு பேரும் வெளியே வாங்கியே சாப்பிட்டால் எனக்குக் கோபம் வரும்.

இனி நந்தி மலை. உன் அப்பா அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். ஏறும்போது எல்லோரும் பேசினோம். இறங்கும்போது எல்லோரும் சீட்டைப் பிடித்துக்கொண்டோம். நீ கியரைக் குறைத்துப் போட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறக்கினாய். ஒரு வளைவில் குரங்கு குறுக்கே வந்ததே, அப்போது நீ மிதித்த மிதியில் வண்டி அப்படியே நின்றது, ஓரமாகக்கூட இழுக்கவில்லை. நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உன் அப்பா கண்ணை மூடவில்லை. சாலையையும் பார்க்கவில்லை. உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நீயும் அருணும் டீ வாங்கப் போனீர்கள். நீ அவரிடம், “இப்ப சொல்லுப்பா” என்று கேட்டதற்கு அவர் தலையைத் திருப்பிக்கொண்டார், நீ கோபமாக நடந்தாய். நீ அந்தப் பக்கம் போனதும் அவர் கதவைத் திறந்து இறங்கினார். “கையக் குடும்மா” என்றார். மரத்துப்போன காலோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் மண்டி போட்டார். நீ சக்கரத்தை ஒடித்து நிறுத்தியிருந்ததால் ஹோஸ் வெளியே தெரிந்தது. சூடு அடித்தது. டிஸ்க்கில் படாமல் பின்பக்கமாகக் கையை விட்டு, மேல் முனையைத் தடவினார். கீழ் முனையைத் தடவினார். விரலை மோந்து பார்த்தார். எழுந்து, என்னைப் பிடித்துக்கொண்டே அடுத்த பக்கம் போய், மறுபடி மண்டி போட்டு, அதே மாதிரி. எல்லாம் முடித்து அந்த விரலை வெள்ளைச் சட்டையின் கையில் அழுத்தித் துடைத்து எனக்குக் காட்டினார். மண் இருந்தது. எண்ணெய் இல்லை.

“காஞ்சி கீது பாரு” என்றார். “ஒரு பொட்டு இல்ல.”

“அப்போ போய்ச் சொல்லுங்க அவகிட்ட” என்றேன்.

“நீயே சொல்டு. நான் சொல்லப் போனா அழுதுருவேன். புது மாப்ள முன்னாடி வோணாம்.”

நீங்கள் டீயோடு வந்தபோது அவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார், முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. உனக்கு அவர் முதுகுதான் தெரிந்திருக்கும். நான் வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். வீடு நிறைய ஆள். நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம்.

பஸ் டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. அப்பா இன்னும் இரண்டு விஷயம் சொல்லச் சொன்னார். வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்ப வேண்டுமாம். அப்புறம், மாநில எல்லையில் இருக்கிற அத்திபெலே வரைக்கும் முன் சீட்டில் அவரும் வருகிறாராம். அங்கே இறக்கிவிட்டால் பஸ் பிடித்து வந்துவிடுவாராம். அருணைப் பின்னால் என்னோடு உட்காரச் சொல், நானும் வருகிறேன். அத்திபெலேயில் நாங்கள் இறங்கிய பிறகு அவர் அழுவார். நீ நிறுத்தாமல் போய்க்கொண்டே இரு. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா